மூன்று மீட்டர் பட்டு

புதுச்சேரியிலிருந்து மருமகளாக வந்த அண்ணியின் தையலை வீடே புகழ்ந்தது, எனக்குப் பொறுக்கவில்லை. கருட சேவைக்குத் தங்கைக்குப் பாவாடை தைக்க, மூன்று மீட்டர் பட்டு வாங்கிவர அண்ணி என்னை அனுப்பினாள். பிரெஞ்சுக்காரர் ஊரின் மீட்டர் எவ்வளவு என்று அவளிடம் கேட்க மனமின்றி, எங்கள் ஊர்க் கஜமும் அதுவும் ஒன்றுதான் என்று எண்ணி, தறிக்காரரிடம் மூன்று கஜம் வாங்கிவந்தேன்.

கஜம் மீட்டரைவிடச் சின்னது; துணி அரை முழம் குறைந்தது. தங்கை அழுதாள்.

“இன்னாம்மா, பட்டு பத்தலியா?” என்றாள் அம்மா.

அண்ணி என்னை ஒருமுறை பார்த்தாள். “என் கணக்குதான் தப்பு அத்தை,” என்று சொல்லி, தன் புது ரவிக்கைத் துணியை வெட்டிக் கரையாக இணைத்தாள்.

“இந்த மாதிரி பொண்ணு யாருக்குக் கிடைக்கும்!” அம்மா அவளுக்குத் திருஷ்டி கழித்தாள்.

எனக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்ததே என்றுதான் நெஞ்சு எரிந்தது.