கடையில் ஏறும், வீட்டில் ஏறாது

பெட்டரி திருத்துகிறவனிடம் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. வண்டியை உருட்டிக்கொண்டு வேர்த்து வழியத்தான் வருவார்கள். சார்ஜ் ஏறாத ஸ்கூட்டரை உச்சி வெயிலில் தள்ளிய அனுபவம் உங்களில் சிலருக்கும் இருக்கும். அவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

என் பழைய கடை சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் இருந்தது. அதைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு மெயின் ரோட்டுக்கு வந்தேன். பாண்டிருப்பிலிருந்து குணம் கூட்டாளியாக வந்து சேர்ந்தான். லொறி பெட்டரிக்கு அசிட் ஊற்றிக்கொண்டிருந்த எங்களிடம், நாட்டில் சண்டை முடிகிற காலத்தில்தான் இந்தக் கரன்ட் ஸ்கூட்டர்கள் வரத் தொடங்கின. சீட்டைத் தூக்கினால் உள்ளே நாலு பெட்டரி. பார்க்கச் சாதுவான சாமான்தான், ஆனால் எங்கள் இருவரின் தலைமுடி கொட்டியதில் அதற்கும் பங்குண்டு.

வீட்டுக்குப் போனால் குழப்படி

ஹிதாயா டீச்சரின் ஸ்கூட்டர் முதல்முறை வந்தது, உழவு மெசின் என்று நாங்கள் சொல்லும் டிரக்டரின் பெட்டியில். இறக்காமத்தில் வயல் செய்யும் அவருடைய தம்பி நியாஸ் அதை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். இரவு முழுக்கச் சார்ஜில் போட்டாலும் காலையில் பள்ளிக்கூடம் வரைகூட ஓடுவதில்லை என்றார் டீச்சர். நாலு பெட்டரிக்கும் மீட்டர் வைத்தேன். நாலும் நல்லது. சார்ஜரும் நல்லது. காலையில் போட்டதற்குப் பின்னேர அஸர் தொழுகைக்குள் பச்சை லைட் வந்துவிட்டது.

"ஒரு பிழையும் இல்ல டீச்சர்" என்று பெருமையாகக் கொடுத்து அனுப்பினேன். எட்டாம் நாள் அதே உழவு மெசின் கடை வாசலில் வந்து நின்றது. மறுபடியும் கடையில் போட்டோம், மறுபடியும் பச்சை லைட். டீச்சர் வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ட வகுப்புப் புள்ளையள் வீட்டுல அடக்கம், பள்ளிக்கூடத்துல குழப்படி. இது நேர்மாறா இரிக்கி."

ஹாஜியாரின் சார்ஜர்

இடையில் மருதமுனைச் சாரன் கடை ஹாஜியாரின் வண்டியும் வந்தது. அவருக்கும் அதே முறைப்பாடு, காலையிலிருந்து தன் கடையில் சார்ஜில் போட்டும் நிறைவதில்லை. கடை நிறைய நூலும் துணியும் என்பதால் அவருக்கு நெருப்புப் பயம். தொழுகைக்கு வாங்கு சொன்னதும் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் போவார். தொழுதோமா வந்தோமா என்று வருகிற ஆளில்லை, பள்ளிவாசல் படியில் ஊர்க் கதை முழுக்கக் கதைத்து முடித்துத்தான் திரும்புவார். பகல் சாப்பாட்டுக்குப் போனாலும் மெயின் சுவிட்ச் நிற்கும். சார்ஜர் வேலை செய்த நேரத்தைவிட அது ஓய்வெடுத்த நேரம்தான் கூட.

"நீங்க இல்லாத நேரமெல்லாம் அதுக்குக் கரன்ட் இல்ல ஹாஜியார். விட்டுப்போன நேரத்த வீட்டுல போட்டு நிரப்புங்க" என்றேன். விட்டுப்போன தொழுகையைப் பிறகு தொழுது நிறைவேற்றுவதை நாங்கள் கழா என்போம். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்: "அப்ப பெட்டரிக்கும் கழா இரிக்கி எண்டு சொல்றீங்க?"

சத்தம் போடாத வண்டி

டீச்சரின் வண்டி உண்மையில் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று பார்க்க, குணம் அதைக் காரைதீவுப் பக்கம் ஓட்டிப் போனான். செக்பொயின்டில் நின்ற இளம் ஆமிக்காரருக்கு இப்படி ஒரு வண்டியைத் தெரியாது. சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நின்றதில் திடுக்கிட்டு, சீட்டைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். உள்ளே நாலு கறுப்புப் பெட்டி, சிவப்பு வயர், கறுப்பு வயர். சண்டை இன்னும் முடியாத காலம். குணத்தைத் தவிர எல்லோரும் பின்னால் போய்விட்டார்களாம், குணத்தைப் போக விடவில்லை.

ஆள் வந்து சொல்ல, நான் மீட்டரோடு ஓடினேன். ஒவ்வொரு பெட்டரியாகக் கழற்றிக் காட்டி, பூட்டி, வண்டியை ஓட்டியும் காட்டினேன். பயம் தெளிந்த ஆமிக்காரர் தானும் ஏறி ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து இறங்கினார். வண்டியைக் குணத்தின் கையில் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "சத்தம் போட்டு வாற வண்டி நல்லம். இது கள்ளன் மாதிரி வாறது."

வண்டிக்கு வருத்தமில்லை

அவ்வளவு அலைந்தும் பெட்டரியில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. எங்களுக்கு மூளை குழம்பிவிட்டது. வண்டியைக் கொடுத்தனுப்பினோம், மூன்றாம் முறையும் அது உழவு மெசினில் திரும்பி வந்தது.

இந்தத் தடவை தன் அக்காவைக் காட்டி நியாஸ்தான் என்னோடு கதைத்தான். "காக்கா, ராத்தாட வீடு கடலுக்கு ரெண்டாவது ஒழுங்கையில. உம்மாவுக்கு நடக்க ஏலா. கடல் வருதாம் எண்டு ஊர் ஓடுற நேரம் உம்மாவ ஏத்திக்கிட்டுப் போகத்தான் இத வாங்கின. இந்தக் கிழமையும் சரிவராட்டி நான் உம்மாவ இறக்காமத்துக்குக் கொண்டு போறன்." உம்மாவுக்கு அந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை, டீச்சருக்கு உம்மாவை விட்டு இருக்க விருப்பமில்லை. ஒரு வண்டி சார்ஜ் ஏறுவதில் ஒரு குடும்பம் நிற்கிறது என்று தெரிந்ததும் நாலு பெட்டரிக்கும் மறுபடி மீட்டர் வைத்தேன். அவர்கள் வண்டியோடு போன பிறகு குணம் மீட்டரைச் சுற்றி வைத்துக்கொண்டு சொன்னான்: "மச்சான், வண்டிக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்ல. வருத்தம் வீட்டுலதான் இரிக்கி, போய்ப் பார்."

ஓடத் தயாராக

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். வண்டி வாசலில் ரோட்டைப் பார்த்து நின்றது. யன்னலால் வந்த வயர் அதில் மாட்டியிருந்தது, சார்ஜரில் சிவப்பு லைட் எரிந்தது. அதோடு பட்டப்பகலில் முன் லைட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

"டீச்சர், சாவி ஓன்ல கெடக்கு."

"ஓம், எப்பவும் அப்படித்தான் வைக்கிற" என்றார் சாதாரணமாக. "கடல் வந்த அண்டைக்கி வாப்பாட மோட்டார் சைக்கிள் இதே வாசல்லதான் நிண்டிச்சி. சாவி வீட்டுக்குள்ள. எடுத்துட்டு வாறன் எண்டு உள்ளுக்குப் போனவருதான். என்னையும் உம்மாவையும் பக்கத்து வீட்டாக்கள் இழுத்துக்கிட்டு ஓடின. அதுக்குப் பொறகு நான் சாவி தேடுறல்ல தம்பி."

சார்ஜர் ஊற்றியதை லைட் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கடையில் நாங்கள் சாவியைக் கழற்றிவிட்டுச் சார்ஜ் போட்டோம், ஏறியது. சாவியை என்ன செய்கிறீர்கள் என்று மூன்று தடவையிலும் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. அவரில் எனக்குக் கோபமே வரவில்லை, என்னில்தான் வந்தது. சாவியைக் கழற்றத்தான் வேண்டும் என்றேன். "கழட்டி எங்க வைக்கிற? அந்த நேரம் தேட ஏலுமா?" என்று டீச்சர் கேட்டார். இருபது வருடத் தொழிலில் அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

பதில் உள்ளே கட்டிலிலிருந்து வந்தது. "ஹிதாயா, அந்தச் சாவிய என்ட கழுத்துல கட்டு. என்னத் தூக்காமப் போகமாட்டாய்தானே" என்றார் உம்மா. பக்கத்து வீட்டு மீனவரிடம் ஒரு முழம் தங்கூசி வாங்கினேன். வலை முடிகிற அந்த நைலோன் நூல் லேசில் அறாது. சாவியை அதில் கோத்து, உம்மா தலையைக் குனிய, டீச்சர் கட்டிவிட்டார். மறுநாள் விடியச் சுபஹு தொழுகைக்கு எழும்பிய டீச்சர் பச்சை லைட்டைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார்.

அந்தக் கிழமை முடிய உழவு மெசினோடு வந்த நியாஸ், வண்டியை ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கேட்டிருக்கிறான். உம்மா கழுத்திலிருந்த நூலைத் தூக்கிக் காட்டினாராம். "இஞ்ச கெடக்கு மகன். இனி என்ன விட்டுட்டு ஓட ஒருத்தருக்கும் ஏலா."

பெட்டரியைத் தொடுமுன் வீட்டுக் கதையைக் கேட்கவேண்டும் என்று இப்போது வருகிறவர் போகிறவருக்கெல்லாம் புத்தி சொல்கிறேன். என்னுடைய மோட்டார் சைக்கிளும், உண்மையைச் சொன்னால், கடல் வந்த நாளிலிருந்து சாவி போட்டபடி ரோட்டைப் பார்த்துத்தான் நிற்கிறது.