கொட்டான் மணல்

பெரியப்பா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு குப்பி இருக்கிறது. அதற்குள் வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று கன்னியாகுமரி மணல் அடுக்கடுக்காக நிற்கும். விருதுநகருக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் படியேறுவேன். முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.

கன்னியாகுமரி நம் மாநிலத்தோடு சேர்ந்த புதிதில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நடந்தது இது. பட்டாசுக் கம்பெனி பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பொது. ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பது பெரியப்பா. நாரணாபுரத்தில் இருந்துகொண்டு மருந்து கலந்து சரக்காக்குவது அப்பா. அதனால் அவர்கள் விருதுநகரில் மாடி வீட்டில் இருந்தார்கள். நாங்கள் கம்பெனி வளவுக்குள்ளேயே, கலவைக் கொட்டகைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தோம். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அப்பாவுக்குச் சோற்றுத் தூக்குச் சட்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோவது என் வேலை.

கோடை விடுமுறையில் பெரியப்பா குடும்பத்தோடு காரில் கடல் பார்க்கக் கிளம்புவார். அந்த வருடம் பின் இருக்கையில் ஓர் இடம் மிஞ்சியது. அது எனக்குக் கிடைத்தது. அப்பாவையும் வரச் சொல்லி அழுதேன்.

“கத்திரி வெயிலு சும்மாவா கெடைக்குது தாயி? இப்பம் சரக்கக் காயப்போடாம எப்பம் போடுறது?” என்றார் அப்பா. ஊரெல்லாம் வெயிலுக்குப் பயந்து ஓடும்போது, அதை விருந்தாளி போல உட்காரவைத்து உபசரித்தவர்கள் நாங்கள்.

காரில் ஏறியதிலிருந்தே, பெரியப்பா மகளான அக்காவுக்கு இருந்து எனக்கு இல்லாதவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டேன். இன்றைக்குப் பட்டாசு ஆய்வுக்கூடத்தில் ரசாயனப் புட்டிகளை அடுக்கும்போதும் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கிறது. ஜன்னலோர இடம். ரப்பர் செருப்பு. கறுப்புக் கண்ணாடி. இவை சாத்தூர் தாண்டுவதற்குள் சேர்ந்தவை. எனக்கு நடு இருக்கை. ஒரு பக்கம் பெரியம்மாவின் முழங்கை, மறுபக்கம் அக்காவின் முழங்கை.

சுசீந்திரத்தில் தட்டினால் பாடும் தூணில் காதை வைத்தோம். வட்டக்கோட்டை மதில்மேல் நின்றபோது காற்று பாவாடையைப் பிடுங்கியது. கன்னியாகுமரியில் மூன்று கடலும் சேரும் இடத்தைக் காட்டினார்கள். எது எந்தக் கடல் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அக்கா தனக்குத் தெரிகிறது என்றாள். கறுப்புக் கண்ணாடி போட்டால்தான் தெரியுமாம்.

“ஏட்டி, சித்தப்பா ஏன் வரலை? கடக்காத்து பட்டா நமுத்துப் போயிருவாகளோ?” என்று அவள் கேட்டதும் பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

பெரியப்பா கடலுக்குள் காலை வைக்கவே இல்லை. நாகர்கோவில் கடைக்காரர்கள் இருவர் அவரைத் தேடி வந்திருந்தார்கள். விடுதித் தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு தீபாவளிச் சரக்கைப் பற்றிப் பேசியபடி இருந்தார்.

“அப்பா, அலையில நிக்க வாங்க,” என்று அக்கா ஓடிப்போய்க் கூப்பிட்டாள்.

“இந்தா வாரேன். நீ போயி இளநி குடி,” என்று இளநீர் வாங்கித்தர ஓட்டுநரை அனுப்பினார்.

மறுபடி கூப்பிட்டாள். சங்கு மாலை வந்தது. அதற்கப்புறம் கூப்பிட்டபோது ஓலைத் தொப்பி வந்தது. கூப்பிடக் கூப்பிட என் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒருவர் வாயைத் திறந்தால் ஒரு பொருள் வரும் என்றால் அவர் எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டசாலி! நான் யாரைக் கூப்பிடுவது? பெரியம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றேன்.

கிளம்பும்போதுதான் ஒரு நியாயம் நடந்தது. கலர் மணல் விற்கும் கிழவியிடம் பெரியப்பா இரண்டு சின்ன ஓலைக் கொட்டான்கள் வாங்கி, எங்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். ஒரே அளவு, ஒரே நிறங்கள். ஒன்று மாற்றி ஒன்று பார்த்துவிட்டேன். அவளுடையதில் எதுவும் கூடுதல் இல்லை. வழியெல்லாம் கொட்டானை மடியிலிருந்து இறக்கவில்லை. கோவில்பட்டியில் எல்லாரும் காப்பி குடிக்க இறங்கியபோதும் நான் இறங்கவில்லை.

நாரணாபுரத்துக்கு முன்னால் சாலையோரத்தில் ஒரு தோட்டத்துக் கிணறு. சாயங்கால வெயிலில், தோளில் துண்டோடு அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். எங்கள் வளவின் பழக்கம் அது. ஆற்றுக்கோ கடலுக்கோ போய் வந்தவர்கள் குளிக்காமல் உள்ளே நுழையக் கூடாது. சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் குளிப்பதைப் போல இதையும் ஒரு தீட்டு என்றே நினைத்திருந்தேன்.

“கொட்டானைக் குடு தாயி.”

“என்னோடது.”

“ஒன்னோடதுதான். நம்ம வளவுக்கு ஆகாது.”

“அக்கா மட்டும் வச்சிருக்கா?”

“அவுக வீட்டுல மருந்து இல்லைல்லா,” என்று சொல்லிக்கொண்டே வாங்கி, பருத்திக் காட்டுக்குள் வீசிக் கொட்டினார். கொட்டானையும் தூர எறிந்தார். சிவப்பும் கறுப்பும் கரிசலில் விழுந்த இடம் தெரியவில்லை.

மருந்துக்குள் மணல் துகள் ஒன்று விழுந்து, சலிக்கும்போது உரசினாலே போதும், தீப்பிடித்துவிடும் என்பதை இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லித் தருகிறேன். அப்பாவின் இடது கையில் விரல் நகங்கள் கோணலாக முளைத்திருப்பதன் காரணமும் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அக்காவுக்கு மணல் இருக்கிறது, எனக்கு இல்லை என்பதுதான்.

கிணற்றடித் தொட்டியில் குளிப்பாட்டினார். மாற்றுப் பாவாடையை உதறி உதறிப் பார்த்து உடுத்திவிட்டார். பிறகு துவைகல்லில் உட்கார்ந்து, என்னை முன்னால் இருத்தி, வேட்டி நுனியை மடியில் விரித்துக்கொண்டு பேன் சீப்பால் தலையை வாரத் தொடங்கினார். அலுமினியப் பொடி ஏறிச் சாம்பல் பூத்த விரல்கள். வகிடு வகிடாகப் பிரித்து, ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளை வேட்டியில் தட்டி, விழுந்த மணலைக் குனிந்து பார்த்தார். நான் விசும்பிக்கொண்டே இருந்தேன். “ஆச்சு தாயி, இந்தா ஆச்சு,” என்றாரே தவிர, அவசரப்படவில்லை.

என்ஜின் கொதித்துவிட்டதால் கார் அங்கேயே நின்றது. ஓட்டுநர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஜன்னலில் மோவாயை வைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் கொட்டான் இருந்தது. அதைக் காட்டிக் காட்டி என்னை அழவைப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அதைத் தொடவே இல்லை.

“அப்பா,” என்றாள், முன் இருக்கையைப் பார்த்து. “என் தலையிலயும் மண்ணு இருக்குப்பா.”

பெரியப்பா ஆர்டர் தாள்களிலிருந்து நிமிரவில்லை. “அதுக்கென்ன? நாளைக்குப் புதுச் சீப்பு ஒன்னு வாங்கிட்டாப் போச்சு.”

கார் ஆமத்தூர்ப் பக்கம் கிளம்பிப் போனது. வளைவில் மறையும்வரை அவள் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள். அப்பா என் தலையில் இன்னொரு வகிடு எடுத்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கு இருந்து எனக்கு இல்லாதவற்றின் வரிசையில் கடைசியாக அந்தப் புதுச் சீப்பையும் சேர்த்தேன்.