நாலாம் நம்பர் கேமராவின் நேரம்

என் சகலையை இந்தப் பார்சல் குடோனில் சேர்த்துவிட்டது நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன். கேமரா அறையில் பதினோரு வருஷம் நான் ஒற்றை ஆளாக இருந்தேன். பதினாறு கேமரா, ஒரு நாற்காலி, ஒரு ஃபேன். அவன் வந்ததும் இரண்டாவது நாற்காலி வந்தது, அதுவும் சாய்கிற நாற்காலி.

மேனேஜர் ஏதாவது காட்சி கேட்டால், திரையில் ஓடவிட்டு என் போனில் படம் பிடித்து அனுப்புவேன். ஓரத்தில் என் வழுக்கை தெரியும், நடுவில் என் தும்மல் கேட்கும். யாரும் குறை சொன்னதில்லை. பிறகு புது சாஃப்ட்வேர் போட்டார்கள். சொல்லிக்கொடுக்க வந்த பெண் அரை மணி நேரம் பேசினாள். நான் புரிந்த மாதிரி தலையாட்டினேன், அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். மறுநாளே கேமராவைத் தேர்ந்தெடுத்து, தேதி கொடுத்து, திரைக்கு அடியில் ஓடும் நேரக் கோட்டில் தொடக்கமும் முடிவும் குறித்து, எக்ஸ்போர்ட்டை அழுத்தி, பென் டிரைவை நீட்டிவிட்டான். வேறு கம்ப்யூட்டரில் திறக்காமல் போய்விடக் கூடாதென்று பிளேயரையும் கூடவே ஏற்றியிருந்தான். மேனேஜர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

வீட்டிலும் இதே பாட்டுதான். சின்ன மாப்பிள்ளைக்கு என்ன மூளை என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார். என் மனைவியே அதற்கு ஒத்து ஊதினாள். எனக்கு வயிறு எரிந்தது. அவன் கீபோர்டு தட்டுகிற சத்தம்கூடப் பிடிக்கவில்லை.

அவனுக்கு நான் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நாலாம் நம்பர் கேமராவின் கடிகாரம் இருபது நிமிஷம் பின்தங்கி ஓடும். நான் மனசுக்குள்ளேயே கழித்துப் பார்த்துக்கொள்வேன். எனக்கு மட்டும் தெரிந்தது அது ஒன்றுதான், அதையும் அவனுக்குத் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மருத்துவக் கருவிகள் இருந்த பெட்டி காணாமல் போனது. பெட்டி அடுக்கும் அம்மா, காலை பத்து பத்துக்கு ரேக்கில் வைத்தேன் என்றாள். அந்த ரேக்கைப் பார்ப்பது நாலாம் நம்பர் கேமராதான். சகலை அதில் பத்திலிருந்து பத்து இருபது வரை வெட்டியெடுத்துக் கொடுத்தான். படத்தில் ரேக் காலி, அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை. பொய் சொல்கிறாள் என்று முடிவுகட்டி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மேனேஜர்.

தப்பு எங்கே என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தேன். என்றைக்காவது உண்மை வெளியே வரும், அன்றைக்கு அவன் மூக்கு உடையும் என்று ஆசையாக இருந்தது. அதற்குள் இவள் வேலை போய்விடுமே என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே அவள் எங்கள் அறை வாசலுக்கு வந்தாள். சகலையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, இத்தனை வருஷமா நீங்கதானே பாத்துக்கிட்டு இருக்கீங்க. நான் திருடுற ஆளா, சொல்லுங்க."

ஒன்பது நாற்பதிலிருந்து எடு என்று சகலையிடம் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் எடுத்தான். அதில் அவள் பெட்டியை வைக்கிறாள். ஐந்து நிமிஷத்தில் ஒரு டிரைவர் வந்து, சீட்டைப் பார்க்காமலே அதைத் தூக்கிக்கொண்டு போகிறார். மேனேஜர் அவளைத் திரும்ப வரச் சொல்லிவிட்டு, முதலில் ஏன் தப்பான நேரம் என்று கேட்டார்.

"என் தப்பு சார். அந்தக் கேமரா லேட்டுன்னு அண்ணன் எப்பவோ சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்" என்றான் சகலை.

அனுபவம் என்றால் இதுதான் என்று மேனேஜர் என்னை எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். இல்லை சார், நான் சொல்லவே இல்லை என்று சொல்ல நிறைய நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை, புகழ்ச்சி முடியும்வரை நின்று கேட்டுக்கொண்டேன். சகலை என் பக்கம் திரும்பாமல் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் மூளையைப் பார்த்து எரிந்த வயிறு, இப்போது அவன் மனசைப் பார்த்து இன்னும் அதிகமாக எரிகிறது.