அக்காளை அழைத்துவரப் போன பயணம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குக் கப்பல் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்குள் நுழைந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவு, கொழும்பில் ஐந்து நாள் காத்திருப்பு, பிறகு பன்னிரண்டு நாள் கடல். மொரீசியஸைப் பார்க்காதவர்கள் அதைத் தட்டையான தீவு என்று நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். துறைமுகத்துக்கு நேர் பின்னாலேயே கூர்கூராக மலைகள் நிற்கின்றன. செம்மணல் தேரிக்காட்டில் பிறந்த எனக்கு மலை என்பது மேற்கே தெரியும் நீலக்கோடு மட்டுமே.

ஆனால் நான் வேடிக்கை பார்க்க வந்தவன் அல்லன். என் அக்காள் அன்னம்மாளின் கணவர் இத்தீவின் தெற்கே ரிவியேர் தே ஸாங்கீய் என்ற ஊரில் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக்கு உபதேசியார். அவர்கள் வந்து பதினான்கு வருடமாகிறது, மூன்று பிள்ளைகள். சபை தந்த வீடு நிலைக்காது போலிருக்கிறது என்று அக்காள் கடிதம் எழுதியிருந்தாள். "போயி அவளையும் பிள்ளைகளையும் கையோட கூட்டிட்டு வந்துரு" என்றாள் அம்மாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கருப்பட்டி காய்ச்சி என்னைப் படிக்க வைத்தவள் அக்காள். அவளை அழைத்துவர நான் போகாமல் வேறு யார் போவது? திரும்பும் கப்பல் பதினாறு நாள் கழித்து.

ஒன்பது மணி ரயில். மூன்றாம் வகுப்புக்கு ஒரு ரூபாய் பத்து சதம். ரோஸ் பெல்லில் வண்டி மாற வேண்டும். ஆகஸ்டு மாதம், நம் ஊரில் புழுதி பறக்கும் காலம், இங்கே மேட்டுப் பாங்கில் குளிர்ந்த தூறல். இருபுறமும் கரும்பு, பாதி வெட்டியது, பாதி நிற்பது. எதிரில் இருந்த தொப்பிக்காரர் என் குடுமியையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீ இந்தியாவா? உபதேசி மிஸ்யே மச்சானா?"

மிஸ்யே என்றால் ஐயா. அவர் பெயர் வீராப்பன். மூன்று அர்ப்பான் கரும்பு வைத்திருக்கிறார், நம் கணக்கில் மூன்று ஏக்கர் வரும்.

"நம்ம தமிழ் கோயிலுக்கு மட்டும். வூட்டுல கிரியோல். சிரிக்காதே" என்றார். கிரியோல் இத்தீவின் பிரெஞ்சுக் கலப்புப் பேச்சு. சிரித்தது அவர்தான். "உபதேசி மிஸ்யே ஏசு ஆளு. ஆனா நல்ல ஆளு."

"ஏன் அந்த 'ஆனா'?"

"அய்யோ, கோச்சுக்காதே! நம்ம கரும்பு பெரிய தோட்டத்து மில்லுல நிறுக்கறான். நாலு வண்டி போவுது, பேப்பர்ல மூணு வண்டி. மிஸ்யே கவர்மென்ட்டுக்கு இங்கிலீசுல எழுதறார். நம்ம ஆளு யாருக்கு எழுத வரும்?"

சபை வீடு ஏன் நிலைக்காது என்ற என் கேள்விக்குப் பாதி விடை ரயிலிலேயே கிடைத்தது. மீதியை அத்தான் சொன்னார். ஜெபவீடும் சபை வீடும் அந்தப் பெரிய தோட்டத்தின் நிலத்தில் இருக்கின்றன. தேர்தலும் நெருங்குகிறது, சின்னத் தோட்டக்காரர்கள் தங்கள் ஆள் ஒருவரை நிறுத்தப் பார்க்கிறார்கள். அத்தானுடைய பேனாவே அவர்களைக் கிளப்பிவிடுகிறது என்பது தோட்டத்துரையின் கோபம். பட்டணத்திலுள்ள, சபைக்கு மேலான வெள்ளைக்காரப் பாதிரியாரோ, மனு எழுதுவதை விடு, அல்லது வீட்டை விடு என்று எழுதிவிட்டார்.

அக்காள் இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, "ஏலே, நம்ம தேரி மணல் இன்னும் செவப்பாத்தான் கெடக்கா?" என்பதுதான். "இல்லக்கா, வெள்ளையடிச்சிட்டாங்க" என்றேன். சிரித்தாள்; சிரித்தவள் அடுப்பங்கரைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை.

அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தினமும் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். கடைக்குட்டி முதல் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிப்பார்கள். பிறகு அக்காள், கடைசியில் அத்தான். இருவரும் முகத்துக்கு முகம் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை. எல்லாம் ஜெபத்தில்தான். ஒருவர் ஆண்டவரிடம் சொன்னதற்கு மற்றவர் எதிர்ப்பேச்சுப் பேசக்கூடாது.

முதல் நாள் அக்காள் ஜெபித்தாள்: "ஆண்டவரே, எங்க அம்மை கண்ணு வாசல்லயே கெடக்கு. நான் சாகுமுன்ன ஒருக்கா பதனி குடிக்கணும். அவிய பேனாவை எடுக்கையில பிள்ளைகள் மொகம் ஞாபகம் வரப் பண்ணும்."

அத்தான் தொண்டையைச் செருமினார். "கர்த்தாவே, பேனாவை எடுக்கையில எல்லார் பிள்ளைகள் மொகமும் ஞாபகம் வருது. நான் என்ன செய்ய?"

வாசற்படியிலிருந்து வீராப்பனின் குரல்: "மிஸ்யே, ஜெபம் ஃபினி? முடிஞ்சுதா?" கையில் மில் சீட்டு.

இப்படியே பன்னிரண்டு நாள். நானும் என் முறை வரும்போதெல்லாம், அக்காளுக்குப் பிரயாண மனம் தாரும் என்று வேண்டினேன். அவளும் பிள்ளைகளின் துணிகளை ஒரு பெட்டியில் மடித்து வைக்கத் தொடங்கினாள். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பட்டணத்திலிருந்து கடிதம் வந்தது. அத்தான் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். திங்களன்று வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அத்தான் படித்துக் காட்டினார். அக்காள் முறத்தை எடுத்து அரிசி புடைத்தாள். ஏழு மணிக்கு முழங்காலிட்டோம். பிள்ளைகள் ஜெபித்தார்கள், நானும் ஜெபித்தேன். பிறகு அக்காள்.

"ஆண்டவரே, வீராப்பன் அண்ணன் ஒரு அறை ஒழிச்சித் தாறேன்னாரு. அது போதும். அவிய பேனா நின்னா இந்தச் சனங்களுக்கு வேற பேனா இல்ல. அவியள விட்டுட்டு நான் எங்க போவ? எங்க அம்மை என்னைக் கேக்கா. நான் போவ முடியாது, சுவாமி. என் மூத்தவ சலோமியை என் தம்பிகூட அனுப்புதேன். அவ அங்க பெரிய பள்ளிக்கூடத்துல படிக்கட்டும். அம்மை மடியில என் பிள்ளையாவது ஒறங்கட்டும். ஆமென்."

கண்ணை மூடியபடியே பிள்ளைகள் மூவரும் வழக்கம்போல உரக்க "ஆமென்" என்றார்கள். சலோமியும் சொன்னாள். சொன்ன பிறகுதான் அந்தப் பதினோரு வயதுப் பிள்ளைக்கு எதற்குச் சொன்னோம் என்பது விளங்கியது. கண்ணைத் திறந்து தாயைப் பார்த்தாள். அத்தானின் முறை வந்தது. வழக்கமாக நீளமாக ஜெபிப்பவர் அன்று தொண்டையை மட்டும் செருமினார்.

வியாழன் காலை ரயிலடிக்கு எல்லாரும் வந்தார்கள். வீராப்பன் தம் வண்டியில் பெட்டியை ஏற்றிவந்தார். அக்காள் அழவில்லை. "எண்ணெய் வச்சிச் சீவும்போது கத்துவா. அம்மைகிட்ட சொல்லு, விடக்கூடாதுன்னு." ரயில் நகர்ந்தபோது கூடவே நாலடி நடந்தாள். நான் யாரை அழைத்துப்போக வந்தேனோ அவள், கரும்புக்கு முன்னால் சிறிதாகி, வளைவில் மறைந்தாள்.

மாலை நாலு பத்துக்குக் கப்பல் நங்கூரம் எடுத்தது. பதினாறு நாளும் நான் ஏங்கியது இந்த நேரத்துக்குத்தான். முன்தட்டில் போய் நின்றேன். அந்தத் திசையில்தான் எங்கள் ஊர். சலோமியைக் காணவில்லை. தேடிப் போனபோது பின்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அம்மா எப்பவும் அந்த ஊருக்கு அழுவா" என்றாள், கிரியோல் ராகம் கலந்த தமிழில். "இனி நான் இந்த ஊருக்கு அழணுமா?"

நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முன்தட்டுக்குத் திரும்பவும் மனமில்லை. மலைகள் கடலில் இறங்கி முடியும்வரை, எங்கள் ஊருக்கு முதுகைக் காட்டியபடி, அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.