ஆயில் குடித்த காரும் மெக்கானிக் தணிகாசலமும்

செவ்வாய்க்கிழமை காலை நெமிலிச்சேரி ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். எங்கள் கம்பெனி வாட்ச்மேன் வேகமாக வந்து என் கையைப் பிடித்தார். "தணிகாசலம் அண்ணன் பூட்டாருப்பா. காலைல நெஞ்சு வலின்னாராம். ஊட்லயே முடிஞ்சிபோச்சி" என்றார். ரயில் வந்தது. நான் ஏறவில்லை. கோவில்பதாகையில் இருந்த அவர் வீட்டுக்குப் பஸ் பிடித்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியின் வண்டி ஷெட்டில் அவர் மெக்கானிக். நான் மேனேஜரின் காரை ஓட்டும் டிரைவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவேன். முன்கோபக்காரர். அவருடைய ஸ்பேனரை யாராவது தொட்டுவிட்டால் ஷெட்டே அதிரும். ஆனால் எந்த வண்டிக்கும் குத்துமதிப்பாக நோய் சொல்ல மாட்டார். "வாயால இன்ஜின கயட்டாத நைனா, கையால கயட்டு" என்பார். எனக்கு அந்த வார்த்தையின் அருமை தெரிய வந்தது எண்பதுகளின் கடைசியில்.

அந்த வருடம் மேனேஜர் காரின் இன்ஜினை அவர் முழுவதும் பிரித்துப் புது ரிங் போட்டுக் கட்டினார். பிஸ்டனைச் சுற்றி இருக்கும் அந்த ரிங்தான் ஆயிலை மேலே ஏறாமல் வழித்துக் கீழே தள்ளும். ஆயுத பூஜைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். முடித்தும் கொடுத்தார். வண்டி குதிரையாக ஓடியது. ஆனால் வாரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆயில் காணாமல் போனது. "புது ரிங்கு படியற வரைக்கும் கொஞ்சம் குடிக்கும், பயப்படாத" என்றார் அண்ணாத்தே. தீபாவளி போனது, பொங்கலும் போனது, குடி நிற்கவில்லை.

ஆயில் டின் வைத்த அலமாரியின் சாவி என்னிடம் இருந்தது. மேனேஜர் கூப்பிட்டார். "உள்ளே அழுத்தம் சரியா இருக்குன்னு மீட்டர் சொல்லுது. கீழே ஒரு சொட்டு ஒழுகல. அப்புறம் ஆயில் எங்க போகுது, ஏகாம்பரம்?" என்றார். மறுநாள் கையில் மெமோ வந்தது. பத்து நாளில் பதில் சொல்லாவிட்டால் வேலை இல்லை என்று அதற்கு அர்த்தம். திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனவனை நம்பி ஆவடி முதல் பூந்தமல்லி வரை ஒருவர்கூட ஸ்டியரிங் கொடுக்க மாட்டார். ஷெட்டின் பின்பக்கம் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அண்ணாத்தே எனக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனார். "அஞ்சி நாள் குடுங்க சார். இவன் எடுத்தானா, வண்டி குடிச்சிதான்னு காட்டறேன்" என்றார். இருந்த ஆயிலை வடித்துவிட்டு, புது ஆயிலை லிட்டர் குவளையால் அளந்து ஊற்றினார். ஊற்றும் மூடியிலும் அடியில் வடிக்கும் போல்ட்டிலும், கரண்டு மீட்டருக்கு வைப்பது போலக் கம்பி கோத்து ஈய சீல் வைக்கச் சொன்னார். சீல் மேனேஜர் கையால் வைத்தது.

ஐந்து நாளும் என்னோடு காரில் வந்தார். எப்படி வந்தார் என்பதுதான் வேடிக்கை. பின்சீட்டில் மண்டி போட்டு, பின்கண்ணாடி வழியாகப் புகையையே பார்த்துக்கொண்டு வந்தார். பூந்தமல்லி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் அசையவில்லை. "ஆக்சிலேட்டர்லேர்ந்து காலத் தூக்கி மறுபடி அமுக்கறப்ப மட்டும் பொகஞ்சா வால்வு. இது மெறிக்க மெறிக்க ஆயில் எரிஞ்சி நீலமா வந்துகினே கீது. ரிங்குதான் நைனா" என்றார். அப்போது அவர் குரல் இறங்கியிருந்தது. அந்த ரிங்கை மாட்டியவர் அவர்தானே.

ஐந்தாம் நாள் எல்லார் முன்னிலையிலும் அளந்தோம். சீல் அப்படியே இருந்தது. ஆயில் ஒரு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. மேனேஜர் மெமோவைக் கிழித்துப் போட்டார். என் பெயர் பிழைத்தது.

அதோடு விட்டிருக்கலாம். ரிங் மட்டமான சரக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரே நம்பியிருக்கும். அந்த மாதம்தான் அவரை ஃபோர்மேன் ஆக்குவதாகப் பேச்சு. அவரோ இரண்டு நாளில் இன்ஜினைப் பிரித்து, எண்ணெய் வழியும் பிஸ்டனைக் கையிலேந்தி மேனேஜர் மேஜைக்குப் போனார். "நாலு பிஸ்டன்ல மூணுல ரெண்டாவது ரிங்கு தலகீழா கீது சார். அயுத்தம் நிக்கும், ஆயில் மட்டும் மேல ஏறும். மாட்டினது நான்தான்" என்றார். ஃபோர்மேன் நாற்காலி வேறு ஒருவருக்குப் போனது.

வெளியே வந்ததும், "உங்க கையிலயா இப்டி ஆச்சி அண்ணாத்தே?" என்று கேட்டேன். ரிங்கில் மேல்பக்கத்தைக் காட்டும் குறி கடுகளவுதான் இருக்கும். அதனால் குறியைப் பார்த்துப் பார்த்து அந்தப் பக்கத்தில் குங்குமப் பொட்டு வைத்துக்கொள்வது அவர் வழக்கமாம். அன்று பாதிக்குப் பொட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது தட்டில் இருந்த எல்லா ரிங்கிலும் பொட்டு. தாமே முடித்துவிட்டோம் என்று நினைத்து மாட்டிவிட்டார்.

அன்று பூஜைக்காக ஷெட் முழுக்கப் பொட்டு வைத்தவன் நான். நான் ஓட்டும் வண்டியின் சாமானாயிற்றே என்று பக்கம் பார்க்காமல் அந்த ரிங்குகளுக்கும் வைத்திருந்தேன். அங்கேயே சொன்னேன்.

"தெரியும். நீ வெச்சத வாட்ச்மேன் பாத்தானாம், உன் பொட்டு பெர்சா இருந்திச்சின்னு சொன்னான்" என்று சிரித்தார். "நீ சாமிக்கு வெச்ச. பாத்து மாட்டவேண்டியது என் வேல. இப்பதான் உன் தலமேல இருந்த திருட்டுப் பழி எறங்கிச்சி. உள்ள போயி ஒளறிக்கினு நிக்காத, போய் வண்டிய தொட."

நான் போய் வண்டியைத் துடைத்தேன். அவர் கடைசிவரை மெக்கானிக்காகவே இருந்து ஓய்வு பெற்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டு வாசலில் பழைய ஆட்கள் கூடியிருந்தோம். "தங்கமான வேலக்காரரு. அந்த ஒரு தபா ரிங்க தலகீழா மாட்னதுதான் ஆயுசுல ஒரே தப்பு" என்றார் ஒருவர். எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். உள்ளே அவர் மனைவியின் காதிலும் அது விழுந்திருக்கும். நான் எழுந்து நின்று, பொட்டு வைத்தவன் நான்தான் என்று அவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். அன்று வராதவர்களுக்காக இங்கே எழுதியும் வைக்கிறேன்.

பார்த்து மாட்டவேண்டியது என் வேலை என்று இப்போதும் என்னைத் திட்டுவீர்கள், அண்ணாத்தே. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பேச்சை நான் கேட்பதாக இல்லை. போய் வாருங்கள்.