வாய் நிறைய வாய்ப்பன்

எங்கள் சந்தித் தேத்தண்ணிக்கடையில் உட்கார்ந்தால் யாரும் என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். வடை, சுசியம், போண்டா, வாய்ப்பன் எல்லாம் குவித்த தட்டம் ஒன்று முன்னால் வந்துவிடும். தின்றதுபோக மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். எத்தனை பேருடைய கை பட்டதோ என்று அப்பா முகம் சுளிப்பார். "வீட்டிலை அடுப்பு மூட்டாத சனம்தான் கடையிலை குந்தித் தின்னும்" என்பது அவருடைய கட்சி. நான் எதிர்க்கட்சி. வாழைப்பழமும் மாவும் சீனியும் பிசைந்து பொரித்த அந்த வாய்ப்பனுக்காக மானம் மரியாதையைக்கூட விட்டுவிடக்கூடிய ஆள். கடைசியில் அதுதான் நடந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு. அக்காவுக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த சம்பந்தமெல்லாம் செவ்வாய்க் குற்றத்தால் தட்டிப்போன நேரத்தில், சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு சாதகக் குறிப்புப் பொருந்தி வந்தது. அம்மா நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. இனி மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வேண்டியதுதான் பாக்கி.

விசாரிப்பது என்றால் பெண் வீட்டுக்கு வருவதல்ல. சொல்லாமல் கொள்ளாமல் சந்திக்கு வந்து, கடையில் தேநீருக்குச் சொல்லிவிட்டு, இருக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பார்கள். ஒரு பெண்ணின் கலியாணத்தைக் குழப்பிய பாவம் தமக்கு வேண்டாம் என்று, கெட்டதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்படி ஏதாவது இருந்தால், "எனக்கு அவ்வளவாத் தெரியாது" என்பார்கள். வந்தவர்கள் விளங்கிக்கொண்டு எழும்பிப் போய்விடுவார்கள்.

அன்று காலை வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு நேரே கடைக்குப் போயிருந்தேன். வெறும் உடம்பு, சேட்டு இல்லை. முழங்கால் வரை சேறு. சாரத்தை மடித்துக் கட்டியபடி, ஒரு கையில் வாய்ப்பன், மறு கையில் பிளேன்ரீக் கோப்பை. வெளியே சைக்கிள்களைச் சாத்திவிட்டு இரண்டு பேர் வந்து என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் வேட்டியும் திருநீறுமாக வயதானவர். மற்றவர் காற்சட்டை போட்ட இளையவர்.

பெரியவர் கடைக்காரரிடம், "பென்சன் எடுத்த தபால் மாஸ்டற்றை வீடு கோயிலடியிலைதானே? அவற்றை மூத்த பிள்ளை எப்பிடி?" என்று கேட்டார்.

கேட்டது என் அக்காவைப் பற்றி.

கடைக்காரர் பொல்லாத பகிடிக்காரர். தேநீரை ஆற்றியபடியே என்னைக் கண்ணால் காட்டினார். "உவரைக் கேளுங்கோ. உவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

"ஓமோ தம்பி? பிள்ளை எப்பிடி, வீட்டுச் சனம் எப்பிடி?"

வாய் நிறைய வாய்ப்பன். உதட்டில் எண்ணெய். இந்தக் கோலத்தில் நான்தான் அவளுடைய தம்பி என்று எப்படிச் சொல்வது? அவசரமாக விழுங்கினேன்.

"எனக்கு அவ்வளவாத் தெரியாது" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. கடைக்காரர் தேநீர்ப் பேணியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பெரியவர் மெல்லத் தலையாட்டினார். வந்த தேநீரைத் தொடாமலே இருவரும் எழும்பிப் போனார்கள்.

"டேய், ஓடடா!" என்று கடைக்காரர் கத்தினார். ஓடினேன். கோயில் வளைவில் அவர்களை மறித்தேன்.

"ஐயா, நான் அந்தப் பிள்ளையின்ரை தம்பி. அக்கா தங்கமான பிள்ளை. நான்தான் வெக்கத்திலை அப்பிடிச் சொல்லிப்போட்டன்."

பெரியவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் காலிலாவது விழுந்திருப்பேன்.

"கூடப்பிறந்த உமக்கே அந்த வீட்டுப் பிள்ளை எண்டு சொல்ல வெக்கமெண்டா, நாங்கள் இனி ஆரிட்டைக் கேக்கிறது, தம்பி?" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனார்.

அடுத்த கிழமை தரகர் வந்து கையை விரித்தார். அதற்குள் கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. "தின்னப் பிறந்ததடா நீ!" என்று அப்பா கத்தினார். அம்மா அழுதார். அக்காதான் குறுக்கே வந்தாள்.

"விடுங்கோ அப்பா. சேட்டுப் போடாமல் போயிட்டான், அவ்வளவுதானே" என்றாள். சிரிக்கக்கூடப் பார்த்தாள். அதைவிட என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

பிறகும் சம்பந்தங்கள் வந்தன. தரகர் வாசல் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் அக்கா தன் தலையைக்கூட வாரமாட்டாள். முதலில் ஸ்திரிக்கைப் பெட்டியில் சிரட்டைக்கரியைப் போட்டு என் சேட்டை மினுக்கி எடுத்துக்கொண்டு வருவாள்.

"எங்கை போறதெண்டாலும் இதைப் போட்டுக்கொண்டு போடா" என்பாள். குத்திக்காட்டுகிற தொனி துளியும் இருக்காது. அதை வாங்கி, சூடு ஆறுமுன்னே அவள் எதிரிலேயே போட்டுக்கொள்வேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கத்தான் ஒருநாளும் முடிந்ததில்லை.