டாக்டர் வீட்டுக்கு முன்னால் ஒரு கட்டடம்

அலுவலகத்தில் அவளுக்கு 'மாடிப்படி' என்று பெயர். கட்டடக் கலை படித்துவிட்டு வந்த நாளிலிருந்து, அடுத்தவர் வரைந்த வீடுகளுக்குப் படிக்கட்டும் கழிப்பறையும் வரைந்து கொடுத்தே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அப்படிப்பட்டவளிடம்தான் முதலாளி ஒருநாள் டாக்டர் வீட்டு வேலையை முழுசாகத் தூக்கிக் கொடுத்தார்.

ஒரு காலத்தில் ஊருக்கே வைத்தியம் பார்த்த டாக்டரின் அந்தப் பழைய வீடு இப்போது அருங்காட்சியகம். நோயாளிகள் காத்திருந்த அறையில் டிக்கெட் மேசை. மருந்து கலக்கிய அறையில் வருகிறவர்களின் பைகள். இதையெல்லாம் வெளியே எடுத்துவைக்க, வீட்டுக்கு முன்னாலிருந்த காலியிடத்தில் புதிதாக ஒரு பார்வையாளர் மையம் கட்ட வேண்டும்.

ஆசை யாரை விட்டது? தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி, கண்ணாடியில் இரண்டு மாடி வரைந்தாள். அருங்காட்சியகக் குழுவும் தலையாட்டியது. உயரம் பார்ப்பதற்காகக் கம்பங்கள் நட்டு, கூரை வரப்போகும் இடத்தில் சிவப்புத் துணி கட்டச் சொன்னாள். கேட் வரை போய்த் திரும்பிப் பார்த்தவளுக்கு முகம் தொங்கிவிட்டது. டாக்டர் வீட்டின் மாடி ஜன்னல்கள் எல்லாம் துணிக்குக் கீழே போயிருந்தன; கட்டடம் எழும்பினால் தெருவிலிருந்து ஒன்றுகூடத் தெரியாது.

வரைந்த படத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டுச் சில நாள் திரிந்தாள். பிறகு மறுபடி வரைந்தாள். பாதிக் கட்டடம் தரைக்குக் கீழே, இறங்கிப் போகச் சரிவுப் பாதை, கூரைமேல் புல், வீட்டைப் பார்த்த பக்கம் மட்டும் கண்ணாடி.

குழுத் தலைவர் படத்தைப் புரட்டிப் பார்த்தார். "இவ்வளவு செலவு பண்ணிக் கட்டறது, கண்ணுலயே படாதாம்மா?"

"வர்றவங்க டாக்டர் வீட்டைப் பாக்கத்தானே சார் வர்றாங்க."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு கேட்கவில்லை. அவள் பெயரில் எழும் முதல் கட்டடம் அது.

திறப்பு நாளன்று அத்தை ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினாள். வீட்டை மேலும் கீழும் சுற்றிவிட்டு, சரிவில் இறங்கி வந்து, செருப்பை உதறிவிட்டு பெஞ்சில் சாய்ந்தாள்.

"பிரமாதம்டி! ஒவ்வொரு தூணும் என்ன வழவழப்பு! எப்படித்தான் வரைஞ்சியோ!"

"அத்தை, அது டாக்டர் வீடு. பழசு."

"அப்ப நீ கட்டினது எங்க?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே, இதான்."

அத்தை கூரையைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மாடி ஜன்னல்களோடு முழுசாக நின்ற வீட்டைப் பார்த்தாள்.

"இதுவா? காலுக்குச் சுகமா இருக்கேன்னுல்ல உக்காந்தேன்!"

மாடிப்படிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சிரிக்காத. உன் பாத்ரூம் கதவைத் தள்றதுக்குள்ள எனக்கு உசிரே போயிடுச்சு."

மறுநாளே மாடிப்படி ஆளை வரவழைத்து, கதவின் ஸ்பிரிங்கைத் தளர்த்தச் சொன்னாள்.